காரம் போட்ட எடமாமே: ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் வறுத்துத் தின்றதில்

சூடான காற்றில் வறுக்கும் எயார் பிரையர் வாங்குபவர்கள் முதலில் கோழியைத்தான் போடுவார்கள். எங்கள் வீட்டில் அது அதிகம் உழைப்பது எடமாமே வறுக்க. எடமாமே என்றால் வேறொன்றுமில்லை, முற்றுவதற்கு முன் பச்சையாகப் பறித்த சோயா அவரைதான். ஜப்பானில் காயோடு அவித்து உப்புத் தூவி பியருக்குத் தொட்டுக்கொள்வார்கள். எனக்கு வேண்டியது பின்னேரத் தேத்தண்ணியோடு கொறிக்க, கறுமுறு என்று, எங்கள் தூள் போட்டது.

பச்சைக் காயை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நான் கண்டதில்லை. கோது நீக்கி உறையவைத்த பக்கற்தான், அதுவும் பெரும்பாலும் கொழும்பிலிருந்து யாராவது வரும்போது சொல்லி எடுப்பது. இப்படி வருவது ஏற்கெனவே அரை அவியல் என்பதால் திரும்ப அவிக்கத் தேவையில்லை. செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஈரத்தை எடுப்பது. பழைய வேட்டித் துணியில் பரப்பி ஃபானுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் விட்டு, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்த பிறகு, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் உப்பும் பிரட்டி 190 பாகை செல்சியஸில் கால் மணித்தியாலம், இடையில் இரண்டு தடவை கூடையைக் குலுக்க வேண்டும். பருப்பு வெடித்து, ஓரம் பொன்னிறமாகி, குலுக்கும்போது சளசளப்புப் போய்க் கலகலவென்று சத்தம் வந்தால் சரி.

தூளை எப்போது போடுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. யாழ்ப்பாணக் கறித்தூள் ஏற்கெனவே வறுத்து இடித்தது, அதைத் திரும்ப அந்தச் சூட்டில் கால் மணித்தியாலம் வைத்தால் கசக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு உள்ளே இருக்கும் காற்றாடி பாதித் தூளை ஊதித் தள்ளிவிடும், கறிவேப்பிலை பறந்து போய்ச் சூடேற்றும் கம்பியில் ஒட்டிக் கருகும். ஆகவே நான் செய்வது இது: சின்னத் தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, நறுக்கிய உள்ளி (பூண்டு), கறிவேப்பிலை, நுள்ளிப் போட்ட செத்தல் மிளகாய் மூன்றையும் மொறுமொறுப்பாகப் பொரித்து இறக்கி, எண்ணெயின் புகை அடங்கிய பிறகு தூளைப் போட வேண்டும். சொர்ரென்று நுரைத்து மேலே வரும், அந்த நொடியில் வறுத்த பருப்பைக் கொட்டிப் பிரட்டினால் ஒவ்வொன்றிலும் செம்மண்ணிறத்தில் மெல்லிய படை பிடித்துக்கொள்ளும். தேசிக்காய் தின்னும்போது மட்டும் பிழிய வேண்டும், முதலே விட்டால் நமுத்துப் போகும்.

குறை என்ன என்றால், எடமாமே அன்றைக்குத்தான் ருசி. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே கொஞ்சம் மெது. ஐப்பசி கார்த்திகை மழைக்குள் மூடி இறுக்கிய போத்தலில் வைத்தாலும் விடிய எடுத்தால் சவ்வுதான். கடையில் விற்கிற வறுத்த பக்கற் மாதிரி வாரக்கணக்கில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

போத்தலில் வைக்க வேண்டும் என்றால் நான் இப்போது போவது காய்ந்த சோயா அவரைக்கு, பலசரக்குக் கடையில் கிடைக்கிற சாதாரண மஞ்சள் நிறச் சோயா. இரவு ஊறவைத்து, விடிய உப்புப் போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிடம் அவித்து வடிக்க வேண்டும். இதை விட்டால் சோயாவின் பச்சை வாடை கடைசி வரை போகாது. பிறகு அதே துணி, அதே ஃபான். வறுக்க எயார் பிரையர்கூடத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழாவில் கச்சான் (நிலக்கடலை) விற்பவர்கள் மணலில் வறுப்பார்களே, அதே முறையில் தாச்சியில் கல்லுப்பைக் கொதிக்கச் சூடாக்கி, கைவிடாமல் பிரட்டி, உள்ளும் காய்ந்து கடித்தால் உடைகிற வரை வறுத்து அரிதட்டில் சலித்தால் முடிந்தது. கரண்ட் இல்லாத நாளிலும் நடக்கும், உப்பையும் திரும்பப் பாவிக்கலாம். பல் ஆட்டம் உள்ளவர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம். அப்பாவுக்கு எடமாமேதான்.

எதுவானாலும் போத்தலுக்குள் தூள் போடாமல் வெறுமனே வையுங்கள். நமுத்தால் 150 பாகையில் ஐந்து நிமிடம் காட்டித் திரும்ப எடுக்கலாம், தூள் போட்டதை அப்படிச் சூடாக்கினால் கருகும். வேண்டிய அளவு எடுத்து அப்போதைக்கப்போது தாளிப்பது ஐந்து நிமிட வேலை.

சத்து என்று பார்த்தால் அவித்த எடமாமே 100 கிராமில் புரதம் கிட்டத்தட்ட 12 கிராம், நார்ச்சத்து 5 கிராம். வறுத்தால் தண்ணீர் போய் அந்த 100 கிராம் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும், ஆகவே கணக்குப் பார்க்கிறவர்கள் வறுக்க முன் நிறுத்துக்கொள்ளுங்கள். கச்சானில் பாதி கொழுப்பு, இதில் அந்தப் பயம் குறைவு. ஆனாலும் அம்மா இன்னும் "கச்சான் இருக்க இதென்ன கூத்து" என்றபடிதான் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுப்பார். விலையைக் கேட்டால் அவர் சொல்வதும் நியாயம்தான், உறையவைத்த பக்கற்றின் காசுக்குக் காய்ந்த சோயா எவ்வளவோ வாங்கலாம். கனடா, லண்டனில் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அங்கே எடமாமே சுப்பர் மார்க்கெற்றில் சாதாரணமாகக் கிடைக்கிறது. தூளை மட்டும் இங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள்.