1,800 ரூபாய்க்கு 2 டிபி: உள்ளே இருந்தது ஒரு நட்டு

குமுளியில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். புற்றடி ஏலத்துக்கும் போடி ஏலத்துக்கும் போன சரக்கு, பட்டுவாடா, ஆள் கூலி எல்லாம் என் லேப்டாப்பில்தான். போன மழைக்காலத்தில் அதன் ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. சரி, எல்லாவற்றையும் வெளியே ஒரு டிரைவில் எடுத்து வைத்துவிட்டு டிஸ்கை மாற்றிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் 2 டிபி (2,000 ஜிபி) எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ், கேட்டேன். 1,800 ரூபாய் என்றார். "ஒரிஜினல் சாதனமாணு சேட்டா." இந்த விலைக்கு வராது என்று தெரியும், ஆசை விடவில்லை. பில் கேட்டதற்கு மெஷின் ரிப்பேர் என்றார். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

வீட்டில் செருகியதும் விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டியது. உண்மையான 2 டிபி டிரைவும் அப்படித்தான் காட்டும்: கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது. இந்த அரைகுறை விவரம் தெரிந்ததால்தான் இன்னும் நம்பினேன். 310 ஜிபி ராத்திரி முழுக்க ஏறியது. தேய்ந்த டிஸ்க், அதான் மெதுவாக வருகிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காலையில் பார்த்தால் எல்லா ஃபோல்டரும் இருந்தது, அளவும் சரி. ஒரு ஃபைலைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

புது டிஸ்க் போட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. முதலில் ஏற்றிய கொஞ்சம் திறந்தது, மற்றதெல்லாம் வெறும் பெயர். கோபத்தில் டிரைவைப் பிரித்தேன். ஒரு சின்ன மெமரி கார்டு, பசை, கனம் தெரிய ஒரு இரும்பு நட்டு. கார்டு 64 ஜிபி.

டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பைப் பொய் அளவு சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும் சில டிரைவ் பழையதன் மேலேயே எழுதும், சிலது எழுதியதாகச் சொல்லிவிட்டு எதையும் எழுதாது. கம்ப்யூட்டருக்கு எர்ரரே வராது.

எனவே புது டிரைவை, காலியாக இருக்கும்போதே, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw), லினக்ஸில் எஃப்3 (F3) என்ற புரோகிராம் வைத்துச் சோதியுங்கள். இரண்டும் இலவசம். டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். வினாடிக்கு 30 எம்பி வேகம் என்றால் 2 டிபி எழுத மட்டும் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், படிக்க இன்னும் நேரம் வேண்டும், ஆகட்டும். பில் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். என்னிடம்தான் பில் இல்லையே. கடைக்காரர் "இது இவிடத்து சாதனமே இல்ல" என்று முடித்துவிட்டார்.

பழைய டிஸ்க், அதை மாற்றித் தந்த மெக்கானிக்கின் டிராயரில் கிடந்தது, அது என் அதிர்ஷ்டம். மகளின் போட்டோக்கள் பெரும்பாலும் மீண்டன. பட்டுவாடா ஃபைல் வரவில்லை. ரசீதுக் கட்டுகளை விரித்துவைத்து, இரண்டு வருடக் கணக்கை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன்.