ஃப்ரிட்ஜ் ‘கேஸ்’ மோசடி: மதுரைக்காரர்கள் கொஞ்சம் கவனிங்க

ஃப்ரிட்ஜில் கூலிங் இல்லை என்றதும் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருவதை அழைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. எங்கள் வீட்டில் இந்தக் கோடையில் நடந்தது. ஃப்ரிட்ஜைக் குளிர வைக்கும் கேஸை ஏற்றியதாகச் சொல்லி 4,700 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கிராம் கேஸ்கூட உள்ளே போகவில்லை. அது எப்படித் தெரியவந்தது என்பதைத்தான் விவரமாகச் சொல்லப் போகிறேன்.

எங்களுடையது 260 லிட்டர் டபுள் டோர், பனி தானாகவே கரையும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. மே மாதத்தில் ஒரு நாள் காலையில் பால் திரிந்து போயிருந்தது. முந்தின இரவு உள்ளே வைத்த தோசை மாவு பொங்கி, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடித் தட்டில் வழிந்திருந்தது. ஆனால் மேலே ஃப்ரீஸரில் ஐஸ் கட்டி கல் மாதிரி இருந்தது. மேலே உறைகிறது, கீழே மட்டும் கூலிங் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இணையத்தில் கிடைத்த எண்ணில் எடுத்தவர் பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. “சொல்லுங்க மேடம், என்ன கம்பெனி ஃப்ரிட்ஜ்?” என்றார். அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டுத்தான் எண் இருந்தது. சொந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேர் எதற்கு எந்தக் கம்பெனி என்று கேட்கப் போகிறது? மாடல் எண், சீரியல் எண், வாங்கிய தேதி எதுவும் கேட்கவில்லை. விலாசத்தை மட்டும் கவனமாக எழுதிக்கொண்டார்கள். விசிட் சார்ஜ் 399, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மதியத்துக்குள் ஒருவர் வந்துவிட்டார். அடையாள அட்டை கேட்டதற்கு “வண்டியில இருக்கு மேடம்” என்றார். அது கடைசி வரை வண்டியிலேயே இருந்தது. ஃப்ரீஸரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் கம்ப்ரசரைத் தொட்டுவிட்டு, “கை வெச்சுப் பாருங்க, கொதிக்குது. கேஸ் லீக் ஆயிருச்சு. கம்ப்ரசர் ஓவர்லோடு எடுக்குது” என்றார். ஓடுகிற கம்ப்ரசர் தொட்டால் சுடத்தான் செய்யும். அதுவும் மதுரை மே மாதத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் கையை வைத்துப் பார்க்கச் சொல்லும்போது அது பெரிய சாட்சி போலத் தெரிகிறது.

என் மாமியார் அடுப்படி வாசலில் நின்றபடி, “மேல ஐஸ் உறையுதே தம்பி, கேஸ் இல்லாமயா உறையும்?” என்று கேட்டார்.

“அது பழைய ஐஸும்மா” என்றார் அவர்.

அப்புறம், பிரஷர் இறங்க வேண்டும் என்று சொல்லி ஃப்ரிட்ஜை அணைத்து, இரண்டு கதவையும் திறந்து போட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். சாயங்காலம் ஒரு சின்ன சிலிண்டரும் ட்யூபுமாகத் திரும்பி வந்தார். “கிட்ட வராதீங்க, கேஸ் மூக்குல ஏறிரும்” என்று எங்களை ஹாலுக்கு அனுப்பிவிட்டார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஸ்விட்சைப் போட்டதும் கீழ்த்தட்டு வரை ஜில்லென்று காற்று வந்தது. பில்லில் “கேஸ் சார்ஜிங் 400 கிராம், லீக் அடைப்பு, லேபர்” என்று மூன்று வரி. பில் தாளின் மேலே பெரிய எழுத்தில் சர்வீஸ் சென்டர் என்று இருந்தது, ஆனால் முகவரியும் இல்லை, ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லை. ஆறு மாத வாரண்டி வாய்வார்த்தையில். பணம் யு.பி.ஐ.யில் ஒரு தனி ஆளின் பெயருக்குப் போனது.

ஏறக்குறைய ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி மேலே ஐஸ், கீழே வெதுவெதுப்பு. அழைத்தால், “கம்ப்ரசரே வீக் மேடம், மாத்தணும். 7,500 ஆகும், பழசை நாங்களே எடுத்துக்கறோம்” என்றார். முதலில் முகவரியோடு பில் கொடுங்கள் என்று கேட்டேன். அதோடு அந்த எண் எங்களுக்கு எடுப்பதில்லை.

அதன் பிறகு எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் பழைய மோட்டார்களுக்கு நடுவே கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டி வந்தோம். அவர் கம்ப்ரசர் பக்கம் முதலில் போகவே இல்லை. ஃப்ரீஸரைக் காலி செய்யச் சொல்லி, உள்ளே பின்பக்கம் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பேனலின் ஸ்க்ரூவைக் கழற்றினார். பேனல் லேசில் வரவில்லை. வந்தபோது பின்னால் இருக்க வேண்டிய காயில், அதாவது குளிர் தரும் குழாய்ச் சுருள், கண்ணுக்கே தெரியவில்லை. மேலிருந்து கீழ் வரை வெள்ளைச் சுவர் போலப் பனி அப்பியிருந்தது.

“இதாம்மா விஷயம்” என்று அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் குளிர் உண்டாகும் இடம் அந்த ஒரு காயில்தான். ஒரு ஃபேன் அங்கிருந்து காற்றை எடுத்து மேலேயும் கீழேயும் அனுப்புகிறது. நாம் கதவைத் திறந்து மூடும்போது உள்ளே போகும் ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்கத்தான் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர். சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது தானாக ஓடி, கரைந்த தண்ணீரை ட்யூப் வழியாகக் கம்ப்ரசருக்கு மேலே இருக்கும் தட்டுக்கு அனுப்பிவிடும். ஹீட்டரோ, குளிர், சூட்டைப் பொறுத்து அதை ஓடவிட்டு நிறுத்தும் பைமெட்டலோ, ஃபியூஸோ, டைமரோ போய்விட்டால் பனி கரையாது. மேலே மேலே படிந்து காற்றுப் போகும் வழியையே அடைத்துவிடும். காயிலை ஒட்டியே இருப்பதால் ஃப்ரீஸர் தாக்குப்பிடிக்கும். கீழே காற்று இறங்காது. எங்களுக்குப் போயிருந்தது பைமெட்டல். மீட்டர் வைத்துக் காட்டி, புதிது போட்டு, கூலியோடு 950 ரூபாய் வாங்கினார்.

முதல் ஆள் ஒன்றும் செய்யாமலே ஃப்ரிட்ஜ் ஏன் ஒரு வாரம் ஓடியது என்பது அப்போதுதான் புரிந்தது. மதியத்திலிருந்து சாயங்காலம் வரை மே மாத வெயிலில் அணைத்துக் கதவைத் திறந்து போட்டிருந்தோம் அல்லவா? பனி தானாகவே கரைந்து வழி விட்டிருக்கிறது. ‘பிரஷர் இறங்கணும்’ என்பதன் அர்த்தம் அவ்வளவுதான். வந்தவருக்குக் கோளாறு என்னவென்று நன்றாகவே தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். தெரியாதவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். கம்ப்ரசரிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கொண்டு நிற்கும். நுனி நசுக்கி, வெல்டிங் போலப் பற்ற வைத்து மூடியிருக்கும். தொழிற்சாலையில் கேஸ் ஏற்றுவதும் அதன் வழியாகத்தான், வீட்டில் வந்து ஏற்றுவதானாலும் அதை வெட்டியோ துளைத்தோதான் வழி உண்டாக்க வேண்டும். ஏற்றி முடித்தால் புதிதாகப் பற்ற வைத்த தடமோ, மாட்டிய வால்வோ கட்டாயம் இருக்கும். எங்கள் குழாயின் நுனியில் ஐந்து வருட எண்ணெய்த் தூசி கலையாமல் படிந்திருந்தது. ட்யூபைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று அதைவிட வேடிக்கை. ஃப்ரிட்ஜின் உள்பக்கச் சுவரிலோ கம்ப்ரசர் பக்கமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அதில் அச்சடித்திருப்பார்கள். எங்கள் ஸ்டிக்கரில் ஆர்-600ஏ, 46 கிராம். பில்லில் 400 கிராம்! உங்கள் வீட்டு ஸ்டிக்கரை இப்போதே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீரியல் எண்ணும் அதில்தான் இருக்கும்.

ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். இப்போது வரும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இதுதான். தீப்பற்றக்கூடியது என்பதால் மிகக் குறைந்த அளவுதான் அடைப்பார்கள். லீக் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் கேஸைப் பாதுகாப்பாக வெளியேற்றாமல் அடுப்படியில் வைத்தே பற்ற வைக்கும் விளக்கைக் கொளுத்துகிறவரை உடனே நிறுத்துங்கள். இதில் பணம் மட்டும் போவதில்லை. இதற்கான கம்ப்ரசரில் பழைய ஆர்-134ஏ கேஸை ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று ஏற்றுவதும் தப்பு. முறையாகச் செய்கிறவர் லீக் எங்கே என்று கண்டுபிடித்து அடைப்பார், வேக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுப்பார், தராசில் எடை பார்த்து ஏற்றுவார். தராசும் பம்ப்பும் இல்லாமல் வந்தவர் கேஸ் ஏற்ற வரவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கேஸ் உண்மையாகவே கொஞ்சம் குறைந்தாலும் கீழ்ப்பகுதியில் முதலில் கூலிங் குறையலாம். அதனால் ‘மேலே ஐஸ் இருந்தால் கேஸ் பிரச்சினையே இல்லை’ என்று அடித்துப் பேசாதீர்கள். பேனலைக் கழற்றிக் காயிலைக் காட்டச் சொல்லுங்கள். காயில் முழுக்கப் பனி மூடியிருந்தால் டிஃப்ராஸ்ட், அதாவது பனி கரைக்கும் ஏற்பாட்டில் கோளாறு. காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் பனி, மீதி வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். கேஸ் என்பது செலவாகித் தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ‘அஞ்சு வருஷம் ஆச்சு, கேஸ் தீர்ந்திருக்கும்’ என்று ஒருவர் ஆரம்பித்தாலே அவரை அனுப்பிவிடலாம்.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பிளக்கைப் பிடுங்கி, சாமானை எடுத்துவிட்டு, ஒரு ராத்திரி முழுக்கக் கதவுகளைத் திறந்து வையுங்கள். கீழே பழைய துணி போடுங்கள், தண்ணீர் நிறைய வரும். பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ குத்தாதீர்கள். சிங்கிள் டோர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அங்கே ஃப்ரீஸர் சுவருக்குள்ளேயே கேஸ் குழாய் ஓடுகிறது, ஒரு குத்து போதும். மறுபடி ஓடவிட்டுச் சில நாளில் அதே கோளாறு திரும்பினால் டிஃப்ராஸ்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், காற்று வரும் துவாரத்தை அடைத்துக்கொண்டு குழம்புச் சட்டி நிற்கிறதா, டோர் ரப்பர் ஒரு தாளை வைத்து மூடினால் இறுக்கிப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பல டபுள் டோர் மாடல்களில் ஃப்ரீஸர் குமிழை முழுக் குளிருக்குத் திருப்பினால் கீழே போகும் காற்று குறையும். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீமுக்காகப் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்வதுண்டு.

கீழே கூலிங் இல்லாமல் எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாதபோது, உள்ளே இருந்த மீன் குழம்பைச் சுட வைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்று என் கணவர் சொன்னார். நான் கொட்டிவிட்டேன். கீழ்ப்பகுதி 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீஸர் மைனஸ் 18. கெட்டுப்போன சாப்பாட்டில் சில கிருமிகள் விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. குமிழில் இருக்கும் 1, 2, 3 டிகிரி கணக்கு இல்லை. சின்ன ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டேன். பால் திரியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கம்பெனி எண்ணை வாரண்டி அட்டையிலோ, ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரிலோ, கம்பெனியின் சொந்தத் தளத்திலோ மட்டும் எடுங்கள். புகார் பதிந்ததும் கம்பெனியிடமிருந்து புகார் எண் வரும். எங்கள் பெயரில் அந்த வாரம் எந்தப் புகாரும் பதிவாகவில்லை என்று பிறகு நிஜக் கஸ்டமர் கேரில் சொன்னார்கள். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி என்று பல கம்பெனிகள் தருகின்றன. கேஸும் கூலியும் அதில் சேருமா என்பதை அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சேராது. இருந்தாலும் வாரண்டியில் இருக்கும் கம்ப்ரசரை 7,500 கொடுத்து வெளியாளிடம் மாற்றுவதற்கு அவசியம் என்ன? இன்னொரு வகை ஆட்களும் இருக்கிறார்கள். ‘பதிவுக் கட்டணம் 10 ரூபாய்’ என்று ஒரு லிங்கையோ திரையைப் பகிரும் செயலியையோ அனுப்புவார்கள். அதில் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

எங்கள் விஷயத்தில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஆனால் எதிராளியின் முகவரி வேண்டும். பில்லில் முகவரி இல்லாதது அச்சுப் பிழை இல்லை என்பது அப்போது புரிந்தது. இப்போது யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணையும் போட்டோக்களையும் வைத்துக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆகவே யார் வந்தாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்பே, “பில் புத்தகத்தைக் காட்டுங்கண்ணே, முகவரி இருக்கா?” என்று கேட்டுவிடுங்கள். எங்கள் பக்கம் இதே மாதிரி 400 கிராம் பில் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், புகாரைச் சேர்ந்து கொடுக்கலாம்.