அம்பாசமுத்திரம் வட்டாரம்: அருவிக்கு அரை நாள், ஆற்றங்கரை ஊர்களுக்கு ஒன்றரை நாள்

பாபநாசத்துக்கு வேன் பிடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். காலையில் அகஸ்தியர் அருவிக் குளியல், மதியம் மணிமுத்தாறு அணையில் நாலு படம், சாயங்காலம் குற்றாலம். நடுவில் கல்லிடைக்குறிச்சியும் வீரவநல்லூரும் பத்தமடையும் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைந்துவிடும். தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆறு. அதில் பார்க்கத் தகுந்த நல்ல பகுதி பாபநாசத்துக்கும் பத்தமடைக்கும் இடைப்பட்டது. இரண்டு நாள் இருந்தால் அருவிக்கு அரை நாள் கொடுத்தால் போதும்.

எப்போது வருவது என்பதை வயல்தான் தீர்மானிக்கும். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில் கார் பருவ நெல் சாகுபடிக்குக் கால்வாயைத் திறப்பார்கள். ஜூலை கடைசியில் பார்த்தால் கல்லிடைக்குறிச்சியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை பச்சை. பிறகு அடுத்த நெல் பருவமான பிசானம், டிசம்பர் கடைசி முதல் ஜனவரி வரை பயிர் செழித்து நிற்கும், மழையும் ஓய்ந்திருக்கும். எங்கள் ஓட்டு ஜனவரிக்கு. கோடையில் கால்வாயை அடைத்த பிறகு வந்தால் வயல் வெடித்துக் கிடக்கும், படித்துறையில் முழங்கால் அளவு தண்ணீர்தான் இருக்கும். நவம்பரில் ஆறு பார்க்க அழகு, இறங்க ஆகாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஆறு வெள்ளமாகி என்ன செய்தது என்பது நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் அருவிகள். அகஸ்தியர் அருவி பாபநாசம் வனச் சோதனைச் சாவடியைத் தாண்டி மேலே. மலையில் அணைகள் இருப்பதால் குற்றாலம் வறண்ட மாதத்திலும் இங்கே பெரும்பாலும் தண்ணீர் விழும். இதுதான் இதன் பலம். கூட்டம்தான் பலவீனம். ஞாயிறு பத்து மணிக்கு மேல் போனால் குளிப்பதைவிட வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். வேலை நாளில், சாவடி திறந்த உடனே உள்ளே போய்விடுங்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பிளாஸ்டிக் பை, மது எல்லாவற்றையும் சாவடியில் பையைத் திறந்து பார்த்து எடுத்துவிடுவார்கள். கொண்டு போய் வாதாடுவதில் பயனில்லை. குரங்குகள் பைக்குள் இருக்கும் பிஸ்கட்டை மோப்பம் பிடித்து வரும். காரிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது நல்லது.

பாறையில் பாசி வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் படம் எடுக்கக் கம்பித் தடுப்பைத் தாண்டுகிறவர்கள் குறையவில்லை. சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் 1925 ஜூனில் இதே பாபநாசம் அருவியில்தான், தவறி விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்து உயிரை விட்டார். நூறு வருஷம் ஆகியும் பாறை மாறவில்லை.

மணிமுத்தாறு அருவியின் சிக்கல் வேறு மாதிரி. அதற்கு வரும் தண்ணீர் மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி எஸ்டேட்டுகள் பக்கம் பெய்யும் மழை. அங்கே கொட்டினால் கீழே அம்பையில் (அம்பாசமுத்திரத்தில்) வெயில் அடிக்கும்போதே அருவியில் வெள்ளம் வரும். வனத்துறை உடனே குளிக்கத் தடை போட்டுவிடும். கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை உள்ளூரில் விசாரியுங்கள். ஊத்து, நாலுமுக்கில் முந்தின ராத்திரி எத்தனை மில்லிமீட்டர் மழை என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். இந்தக் காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கணக்கெடுப்பு நாட்களில் மொத்தமாக மூடுவதும் உண்டு. காரையாறு அணையைப் படகில் கடந்து பாணதீர்த்தம் போன காலம் முடிந்து பல வருஷம் ஆகிறது, பழைய குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து தங்குவார்கள். திருவிழாவுக்கென்று வருகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பது நல்லது.

பாபநாசம் கோயில் படித்துறையைப் பற்றி ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நிற்கவில்லை. கல் இடுக்கெல்லாம் சேலை, வேட்டி. காலில் சுற்றினால் நல்ல நீச்சல்காரரும் தடுமாறுவார். இங்கே மீனைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். குளியலைக் கீழே உள்ள ஊர்களில் வைத்துக்கொள்ளலாம்.

கீழே என்றால் அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே. இரண்டு ஊருக்கும் இடையில் ஆறுதான், ஒரு பாலம்தான், நடந்தே போகலாம். காலை ஏழு மணிக்குப் பாலத்தில் நின்றால் மேற்கே பொதிகை முழுசாகத் தெரியும். ஒன்பதுக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும் நாள்கள் அதிகம். குளிக்க இறங்குமுன் துணி துவைக்கிறவர்களிடம் 'இங்கன கசம் இருக்கா?' என்று கேளுங்கள். மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் இருக்கும். விபத்துகள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்கு நடப்பது இதனால்தான். ஊர்க்காரர்கள் இறங்காத இடத்தில் நீங்களும் இறங்க வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். உளுந்து மாவு, உப்பு, பெருங்காயம், அப்பளக்காரம், சில வீடுகளில் பிரண்டைச் சாறு. வாங்கும்போது ஒன்றை வளைத்துப் பாருங்கள். புதிதாக இட்டது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், பழையது சட்டென்று ஒடியும். ஒரு பாக்கெட் வாங்கித் தங்கும் இடத்தில் பொரித்துப் பார்த்துவிட்டு மறுநாள் மொத்தமாக வாங்குவது இன்னும் நல்லது. மைதா கலந்தது எண்ணெய் குடித்துக் கனக்கும். அப்பளக்காரம் கூடியது சிவந்து போய் நாக்கில் கசக்கும். மழை மாதத்தில் வாங்கினால் வீட்டுக்குப் போனதும் ஒருமுறை வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். 1982இல் திருடுபோன நடராசர் 2019இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தது இந்த ஊர் குலசேகரமுடையார் கோயிலுக்குத்தான்.

அம்பைக்குப் பக்கத்தில் மன்னார்கோவில். பெருமாள் கோயிலில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்கள் மூன்று நிலைகளில், ஒன்றன்மேல் ஒன்றாக. நடை பகலில் சாத்திவிடுவார்கள், பதினொரு மணிக்குள் போய்விடுங்கள்.

ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலச் சுவரோவியங்கள், மரச் சிற்பங்கள். ஆனால் கோபுரம் பூட்டியே இருக்கும். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்காமல் வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள்தான் அதிகம். உள்ளே படி குறுகல், இருட்டு. டார்ச் அவசியம், சுவரில் கை வைக்கக் கூடாது. வெளியே ஆற்றங்கரை மரங்களில் சங்குவளை நாரை, வக்கா, கொக்கு, நீர்க்காகம். 2005இல் இந்தியாவின் முதல் பறவைகள் காப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது இந்தச் சின்ன இடம்தான். கூடு கட்டும் பருவத்தில் மரத்தடியில் நிற்கக் குடை வேண்டும், வெயிலுக்கு அல்ல.

திரும்பும் வழியில் பத்தமடை. கோரையைக் கீறி, காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துப் பாய் நெய்கிறார்கள். பாவு நூல் எண்ணிக்கை கூடக்கூட பாய் மெலியும், விலையும் ஏறும். மிக நைசானதைத் துணி மாதிரிச் சுருட்டலாம். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் வேண்டுமானால் வாரக்கணக்கில் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ரோட்டோரக் கடையில் தொங்கும் பளபளப்பான பிளாஸ்டிக் பாயைப் பத்தமடைப் பாய் என்று வாங்கிப் போகிறவர்களும் உண்டு. ஒரு ஓரத்தை நனைத்து முகர்ந்தால் கோரை வாசம் காட்டிக்கொடுத்துவிடும். மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடித்த இடத்தில் கோரை முறியும்.

போக்குவரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பாபநாசம் பஸ் அடிக்கடி உண்டு. பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடை, அம்பை எல்லாம் அதே சாலையில். செங்கோட்டை ரயிலில் வந்தால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் நிலையங்களில் இறங்கலாம். திருப்புடைமருதூருக்கு மட்டும் ஆட்டோ பேசி, காத்திருப்புக்கும் சேர்த்து வாடகையை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். திரும்ப வண்டி கிடைப்பது சிரமம். தங்க அம்பையில் சாதாரண லாட்ஜ்கள்தான். வசதி எதிர்பார்க்கிறவர்கள் திருநெல்வேலியில் தங்கி அதிகாலை ரயிலைப் பிடிப்பது மேல். படித்துறைகளில் பெண்கள் உடை மாற்ற ஒழுங்கான இடம் அநேகமாக இல்லை. இரண்டு நாள் பயணத்தில் மதிப்பெண் குறைக்க வேண்டிய பெரிய இடம் இதுதான்.