பேங்காக்ல நின்னுட்டு இருக்கற டாக்ஸில மட்டும் ஏறாதீங்க

பேங்காக் போக டிக்கெட் போட்டு வச்சிருக்கவங்க யாராவது இருந்தா இத ஒரு தடவை படிச்சிட்டுப் போங்க. ஊரு சூப்பர், சாப்பாடு சூப்பர், அதுல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், ஆனா டாக்ஸி விஷயத்துல எங்க குடும்பத்தையே வச்சு செஞ்சிட்டாங்க. நான், வைஃப், மாமனார், மாமியார்னு நாலு பேர் போயிருந்தோம். அத்தைக்கு முட்டி வலி, ஸ்டேஷன் படிக்கட்டு ஏற முடியாது, அதனால எங்க போனாலும் டாக்ஸிதான்னு முடிவு பண்ணிட்டுதான் கிளம்புனோம்.

ஊரு சைஸ் தெரியாம பிளான் போடாதீங்க மொதல்ல. சென்னை கார்ப்பரேஷன் 426 சதுர கிலோமீட்டர், பேங்காக் 1,500க்கு மேல. மேப்ல பக்கத்துல தெரியற ரெண்டு இடத்துக்கு நடுவுல ஒரு மணி நேரம் ஜாம்ல உக்காந்திருப்போம், அந்த ஜாம்தான் டாக்ஸிக்காரங்களுக்கு பேரம் பேச வசதியா இருக்கு.

சென்னைல ராத்திரி ஃபிளைட் ஏறினா விடியக்காலைல சுவர்ணபூமி ஏர்போர்ட்ல இறக்கி விட்ருவாங்க, நம்ம டைமை விட அங்க ஒன்றரை மணி நேரம் முன்னாடி வேற, தூங்காம மண்டையே வேலை செய்யாது. பெட்டிய எடுத்துட்டு வெளிய வந்தா கழுத்துல அட்டை மாட்டுன ஆளுங்க "டாக்ஸி சார், டாக்ஸி மேடம்"னு சுத்திக்கிட்டாங்க, 1,200 பாட்னு ஆரம்பிக்கறாங்க. ஒரு பாட் ரெண்டரை ரூபாய்னு வச்சாலே 3,000 ரூபா. இவங்கள கண்டுக்காம ஒண்ணாவது லெவலுக்கு இறங்கிடுங்க, அங்க மெஷின் இருக்கும், பட்டன் அமுக்குனா ஒரு சீட்டு வரும், அதுல இருக்கற நம்பர் லேன்ல நம்ம வண்டி நிக்கும். மீட்டர் காசு, அதுக்கு மேல ஏர்போர்ட் சார்ஜ் 50 பாட், ஹைவேல போனா டோல், இவ்வளவுதான் ரூல்.

ரூல் அப்படி. நடந்தது என்னன்னா, டிரைவர் பெட்டிய டிக்கில வைக்கும்போதே என் கையில இருந்த சீட்டை சிரிச்சுக்கிட்டே வாங்கி பாக்கெட்ல வச்சுக்கிட்டான். வண்டி ஹைவே ஏறின பிறகுதான் பாக்கறேன், மீட்டர் போடவே இல்ல. மீட்டரை கை காட்டினா "ஃபோர் பீப்பிள், பிக் பேக், செவன் ஹண்ட்ரட்"ங்கறான். நடு ஹைவேல இறங்கவா முடியும்? மீட்டர் போட்டிருந்தா டோல் எல்லாம் சேத்தே 400, 450க்குள்ள முடிஞ்சிருக்கும், அவன் 700 வாங்கிட்டு டோலுக்கும் தனியா 150 வாங்குனான். அந்த சீட்டை யார் கேட்டாலும் குடுக்காதீங்க, கம்ப்ளைன்ட் பண்றதுக்கு நம்ம கையில இருக்கற ஒரே ஆதாரம் அதுதான். டோல் காசையும் டிரைவர் கையில மொத்தமா குடுக்காதீங்க, கேட்ல ரேட் தெரியும், அங்கயே பாத்துக் குடுத்து ரசீது வாங்கிக்கங்க.

இதெல்லாம் சில்லறை. பெரிய கூத்து அடுத்த நாள் காலைல.

ஹோட்டல் வாசல்ல ஒரு பிங்க் டாக்ஸி நின்னுட்டு இருந்துச்சு. கிராண்ட் பேலஸ்னு (ராஜாவோட பழைய அரண்மனை, உள்ளயே புத்தர் கோயிலும் இருக்கு) சொன்னோம், மீட்டர்னு சொன்னோம், ரொம்ப பவ்யமா "ஓகே சார்"னு மீட்டரை போட்டான். மீட்டர் போட்டுட்டான்ல, நல்ல ஆளுன்னு மாமா முன்னாடி உக்காந்து கதை பேசவே ஆரம்பிச்சிட்டார். பேலஸ் மதில் தெரியற தூரத்துல வண்டிய ஓரம் கட்டுனான். உடனே எங்கிருந்தோ ஒருத்தர் வந்தார், இஸ்திரி போட்ட வெள்ளை சட்டை, ஷூ, பாத்தா ஏதோ ஸ்கூல் வாத்தியார் மாதிரி இருந்தார். நல்ல இங்கிலீஷ்ல சொல்றார், இன்னைக்கு புத்த பிக்குகளோட பூஜை நடக்குது, வெளியாளுங்களுக்கு ஒரு மணிக்கு மேலதான் கதவு திறப்பாங்க, அதுவரைக்கும் வெயில்ல நிக்காதீங்க, பெரிய புத்தர் சிலை இருக்கு, போட்ல சுத்தலாம், இந்த டிரைவரே கூட்டிட்டுப் போவார்னு. டிரைவரும் தெரியாத மாதிரியே தலைய ஆட்டுறான்.

இது பேங்காக்ல பல வருஷமா நடக்கற திருட்டு, டூரிஸ்ட் கைடு எல்லாத்துலயும் எழுதியிருக்கு, நானும் ஊர்லயே படிச்சிருக்கேன். ஆனா அதுல எல்லாம் ஆட்டோ மாதிரி இருக்கற டுக்டுக் காரன்தான் இப்படி பண்ணுவான்னு இருந்துச்சு, மீட்டர் போட்ட ஏசி டாக்ஸியும் இதே வேலைய பாக்கும்னு இல்ல. கோயில் கதவு சாத்தியிருக்குன்னா நம்ம ஆளுங்களுக்கு அது ரொம்ப சகஜமா வேற தெரியுது, மத்தியானம் நடை சாத்துவாங்கல்ல, அத்தை உடனே "ஆமாம்மா, உச்சிகால பூஜையா இருக்கும்"னுட்டாங்க.

அப்புறம் என்ன, ஏதோ ஒரு படித்துறைல கொண்டு போய் நிறுத்துனான், போட்டுக்கு தலைக்கு 1,500 பாட்னாங்க. வேணாம்னு திரும்புனா அடுத்தது நகைக்கடை. குளுகுளு ஏசி, உக்காந்ததும் ஜூஸ், "கவர்மென்ட் சேல், டுடே லாஸ்ட் டே"ன்னு நீலக்கல் மோதிரத்தை அத்தை விரல்ல மாட்டியே விட்டுட்டாங்க. ஊருக்குப் போய் வித்தா டபுள் காசு கிடைக்கும்னு வேற சொன்னாங்க. அத்தை மோதிரத்தை கழட்டி வச்சிட்டு "இவ்ளோ லாபம் வருதுன்னா நீயே கொண்டு போய் விக்க வேண்டியதுதான"ன்னு தமிழ்லயே கேட்டாங்க, அவனுக்கு புரிஞ்சிருக்காது, ஆனா மூஞ்சி மாறிடுச்சு. மாமா என் பக்கம் குனிஞ்சு "மாப்ள, ஆளு சரியில்ல, எந்திரிங்க"ன்னார்.

எதுவும் வாங்கலன்னு தெரிஞ்சதும் டிரைவரோட பவ்யம் எல்லாம் போயிடுச்சு. இப்படி ஆளைக் கொண்டு வந்து விட்டா கடைக்காரன் டிரைவருக்கு கமிஷனோ பெட்ரோல் கூப்பனோ குடுப்பான், அது கிடைக்கலன்ற கடுப்பு. மீட்டரும் இவ்வளவு நேரம் ஓடிட்டே இருந்திருக்கு. பேர் தெரியாத ஒரு ரோட்ல இறக்கிவிட்டு 600 பாட்னு கத்துனான், வயசானவங்கள வச்சுக்கிட்டு சண்டை போட முடியாம குடுத்துட்டு விலகினோம். வேற வண்டி பிடிச்சு பேலஸ் வந்தா கதவு விரியத் திறந்திருக்கு, கூட்டம் அலைமோதுது. காவலுக்கு நின்னவர்கிட்ட கேட்டா காலைல எட்டரைல இருந்தே திறந்துதான் இருக்குன்னார். தெரியாதவங்க பேச்சைக் கேக்காதீங்கன்னு அங்கயே எச்சரிக்கை போர்டும் இருக்கு, அது வாசல் வரைக்கும் வந்தவனுக்குத்தான கண்ணுல படும்! மூணரைக்கு டிக்கெட் க்ளோஸ், தலைக்கு 500 பாட் குடுத்துட்டு அரக்கப் பரக்க பாத்துட்டு வந்தோம்.

எங்களை ஏமாத்துன வண்டிய எல்லாம் யோசிச்சுப் பாத்தா, ஏர்போர்ட்ட விட்டுட்டுப் பாத்தா, எல்லாமே நின்னுட்டு இருந்த வண்டிதான். ஹோட்டல் வாசல், மால் வாசல், பேலஸ் வாசல். அவ்வளவு பெரிய ஊர்ல சவாரிக்கு அலையாம ஒருத்தன் வெயில்ல சும்மா நிக்கறான்னா, மீட்டருக்கு ஓட்டறதுக்காக நிக்கல. வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் மாட்டுனா அன்னைக்கு பொழப்பு முடிஞ்சுதுன்னு நிக்கறான். ஓடிட்டு இருக்கற வண்டி அப்படி இல்ல, கண்ணாடில சிவப்பு லைட் எரிஞ்சா காலின்னு அர்த்தம், கை காட்டி நிறுத்தி இடம் சொல்லி, மீட்டர் போட்டப்புறம் கதவ சாத்துங்க.

ப்ரதுனாம் மால்ல இருந்து சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு சாயந்திரம் போனோம் (நம்ம தமிழாளுங்க 19ஆம் நூற்றாண்டுல கட்டின கோயில், இப்ப தாய்லாந்துக்காரங்கதான் மாலையும் தட்டுமா நிக்கறாங்க, கண்டிப்பா போங்க). மால் வாசல்ல நின்னவன் 400 கேட்டான். கொஞ்ச தூரம் நடந்து போய் ஓடற வண்டிய நிறுத்தினோம், ரெண்டு மூணு பேர் வர மாட்டேன்னு தலையாட்டிட்டு போய்ட்டாங்க, அடுத்து வந்தவர் மீட்டர் போட்டு கூட்டிட்டுப் போனார், அத்தனை ஜாம்லயும் நூறு பாட் சொச்சம்தான் ஆச்சு. "வாட் கேக்"னு சொன்னாலே டிரைவருங்களுக்கு அந்த கோயில் தெரியும்.

அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. நிறைய டிரைவருங்க கம்பெனி வண்டிய 12 மணி நேர ஷிஃப்டுக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டறவங்க, வண்டிக்கு போடற கேஸ் காசும் அவங்களோடது. மீட்டர் ஆரம்பமே 35 பாட்தான், பெரிய வண்டின்னா 40. மதியம் மூணு நாலு மணி வாக்குல ஷிஃப்ட் மாறும், வண்டிய திருப்பி விடணும், அப்ப வர மாட்டேன்னு சொன்னா அது திமிர் இல்ல. மழை வந்தா யாருமே வர மாட்டாங்க. ஆனா இதுக்கெல்லாம் என் மாமியார் விரல்ல எதுக்கு மோதிரம் மாட்டணும்?

மிச்ச நாள் ஆப்லதான் போனோம், கிராப், போல்ட் ரெண்டுமே அங்க ஓடுது, ரேட் முன்னாடியே தெரியும், கையில காசாவும் குடுக்கலாம். பீக் டைம்ல ரேட் ஏறும், பரவால்ல, யாரும் நகைக்கடைக்கு கூட்டிட்டுப் போகல. பேலஸுக்கு எம்ஆர்டி மெட்ரோல சனாம் சாய் ஸ்டேஷன்ல இறங்குனா நடந்தே போயிடலாம், எஸ்கலேட்டர், லிஃப்ட் எல்லாம் இருக்கு, முட்டி வலின்னு மெட்ரோவையே ஒதுக்க வேண்டாம்.

டாக்ஸி நம்பர் பின் கதவோட உள்பக்கமும் ஒட்டியிருக்கும், ஏறினதும் போட்டோ எடுத்துக்கங்க. டாக்ஸி கம்ப்ளைன்ட்டுக்கு 1584, டூரிஸ்ட் போலீஸ் 1155, இதுல இங்கிலீஷ்ல பேசுவாங்க.

திரும்பி வரும்போது ஹோட்டல் ரிசப்ஷன்ல ஏர்போர்ட்டுக்கு வண்டி 1,000 பாட்னு சொன்னாங்க. பாயா தாய் ஸ்டேஷன்ல இருந்து ஏர்போர்ட் ட்ரெயின் 45 பாட், அரை மணி நேரத்துக்குள்ள கொண்டு விட்டுட்டான். சாயந்திரம் ஆபீஸ் விடற நேரத்துல பெட்டியோட ஏறாதீங்க, நிக்க இடம் இருக்காது. நடுராத்திரிக்கு மேல ட்ரெயின் கிடையாது, அந்த நேரம் ஃபிளைட்னா ஆப்ல கார் போட்டுக்கங்க.