கோக்கிஹல்லா மலைப்பாதைக்குப் பிக்கப் டிரக் டயர்: எதை மாட்டுவது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஹோப் ஊரைத் தாண்டி ஏற ஏற, மழை பனியாக மாறிவிடும். கோக்கிஹல்லா நெடுஞ்சாலையின் உச்சி 1,244 மீட்டர். ஏறுவதற்கு நான் பயந்ததில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் எப்படியாவது ஏறிவிடும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் நிற்குமா என்பதுதான் என் கவலை. ஃபோர் வீல் டிரைவ் வண்டியை இழுக்கும், நிறுத்தாது. அதனால் இறக்கத்தை வைத்துத்தான் டயரை எடைபோடுகிறேன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் இந்த மலைப்பாதையில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் கட்டாயம். டயரின் பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’ எழுத்தோ, மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரையோ இருக்க வேண்டும். பட்டன், அதாவது தரையைக் கடிக்கும் ரப்பர் கட்டையின் ஆழம், குறைந்தது 3.5 மில்லிமீட்டர். சட்டத்துக்கு இது போதும், எனக்குப் போதாது. எம் பிளஸ் எஸ் என்பது பட்டன்களின் அமைப்பைப் பார்த்துப் போடுகிற எழுத்து. அதற்குப் பனியில் ஓட்டிப் பார்க்கும் சோதனை இல்லை. முத்திரைக்குச் சோதனை உண்டு. ஆனால் அதுவும் இறுகிய பனியில் வண்டி கிளம்பும்போது கிடைக்கும் பிடியை அளப்பதுதான். ஐஸில் பிரேக் பிடிப்பதை அது அளக்கவில்லை.

எல்லாவகைத் தரைக்குமான ஆல்-டெரெய்ன் டயருக்கும் அசல் குளிர்கால டயருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. பிஎஃப் குட்ரிச் கேஓ2 முத்திரை பெற்ற ஆல்-டெரெய்ன். ஜல்லிச் சாலை, சேறு, புதிதாகக் கொட்டிய ஆழமான பனி எல்லாவற்றிலும் நன்றாகக் கடித்துப் போகும்; வருஷம் முழுக்கக் கழற்ற வேண்டாம். இரண்டு குளிர்காலம் அதில்தான் ஓட்டினேன். ஒரு ஜனவரி காலை, பனிச்சரிவு சாலையில் விழாமலிருக்கக் கட்டிய கிரேட் பேர் பனிக்கூரைக்குள் ஈரமில்லாத தார் ரோட்டில் போய் வெளியே வந்த அடுத்த நொடி, பல வண்டிகள் ஓடித் தேய்த்த ஐஸ். பிரேக் மிதி காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது, வண்டியோ முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஓரத்துப் பனிக்குவியல் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன்.

இப்போது மாட்டியிருப்பது பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக், அசல் குளிர்கால டயர். உறைகிற குளிரில் அதன் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் விறைக்கத் தொடங்கும், இது விறைக்காது. பட்டன் முழுக்கக் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள். அவை விரிந்து ஐஸைப் பற்றுகின்றன. வெயில் காலத்தில் சீக்கிரம் தேயும் என்பதால் தனி ரிம்மில் மாட்டி, வசந்தத்தில் கழற்றி வைக்க வேண்டும். செலவு கைக்கடிதான். ஆனால் இரண்டு செட்டும் பாதி வருஷம்தான் ஓடுகின்றன. அதனால் இரண்டுமே கூடுதல் காலம் உழைக்கும்.

ஆணி அடித்த டயரும் இங்கே அதே மாதங்களில் அனுமதி. உருகி ஈரமான ஐஸில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கோக்கிஹல்லாவில் பனி வாரும் வண்டிகள் ஓயாமல் ஓடுவதால் பல நாள் வெறும் தார்தான். அதில் ஆணி இரைச்சல், தேய்மானம். பனி வாராத கிளைச் சாலையில் குடியிருப்பவர்களுக்குச் சொல்வேன், மற்றவர்களுக்கு வேண்டாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: பெரிய லோடு ஏற்றாத, டிரெய்லர் இழுக்காத அரை டன் ரகப் பிக்கப்புக்கு, கனமான சுமைக்கான பத்து பிளை எல்டி (லைட் டிரக்) டயர் தேவையில்லை. அதன் விறைப்புக்குக் காலி வண்டியின் லேசான பின்பக்கம் ஈடுகொடுக்காது. கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தகவல் சீட்டில் உள்ள அளவையும் சுமைத் தகுதியையும் பார்த்து வாங்குங்கள். முக்கால் டன் வண்டி, லோடு என்றால் எல்டி தான். நோக்கியன் ஹக்கபெலிட்டா எல்டி3 அந்த ரகம்.

பருவத்துக்கு ஓரிரு முறை, அதுவும் வானிலை பார்த்துப் போகிறவருக்கு முத்திரையுள்ள ஆல்-டெரெய்ன் போதும். மெரிட்டுக்கும் காம்லூப்ஸுக்கும் வாராவாரம் போகிறவர் நாலு சக்கரத்துக்கும் குளிர்கால டயரே மாட்டட்டும். வெப்பநிலை 5 டிகிரி குறையும் ஒவ்வொரு முறையும் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும்; கிளம்புகிற அன்று காலையில், டயர் சூடாகும் முன்பே அளந்துவிடுங்கள்.