கார் ஒடுக்கு: நீங்களே எடுக்கலாமா, கடையில் விடலாமா?

ஒடுக்கின் அளவைப் பார்ப்பதற்கு முன் பெயிண்டைப் பாருங்கள். நகத்தால் வருடும்போது விரிசல் தட்டினால் ஒரு வழி, தட்டாவிட்டால் வேறு வழி.

பெயிண்ட் முழுசாக இருந்து, ஒடுக்கு ஆழமில்லாத கிண்ணம்போல் கதவின் நடுவில் இருந்தால் பசை வைத்து இழுக்கும் கிட் போதும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இழுக்கப் பிடிக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டை (tab) சூடான பசையில் ஒட்டி, பசை ஆறியதும் இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் எடுக்கப் பார்த்தால் மேடாகிவிடும். அந்த மேட்டை பிளாஸ்டிக் முனையால் மெல்லத் தட்டி அமுக்கலாம். பசையைச் சுரண்டாதீர்கள், ஆல்கஹால் விட்டால் தானே கழன்றுவிடும். ஏற்கெனவே ரீபெயின்ட் ஆன பேனலில் இது வேண்டாம், பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரலாம். ஹேர் டிரையர், ஐஸ் வித்தையெல்லாம் வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

மடிப்பு விழுந்தது, பாடி லைன் (பேனலில் நீளமாக ஓடும் வடிவக் கோடு) மீது விழுந்தது, பேனல் ஓரத்தில் விழுந்தது என்றால் பெயிண்ட் அடிக்காமல் ஒடுக்கெடுக்கும் பிடிஆர் ஆளிடம் போவதுதான் சரி. அவர் உள்பக்கமிருந்து கம்பியால் துளித்துளியாகத் தள்ளுவார். பேனலில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்புக் கோடு நேராகும்வரை விடமாட்டார். நாம் உள்ளிருந்து சுத்தியலால் அடித்தால் தகடு நீண்டு, அமுக்கும்போதெல்லாம் 'டப் டப்' என்று உள்ளே வெளியே போகும். அதைச் சரிசெய்வது முதல் ஒடுக்கைவிடக் கஷ்டம். காந்தம் ஒட்டாத உலோக பேனல் அலுமினியமாக இருக்கும். அது எஃகு மாதிரி எளிதில் பழைய வடிவத்துக்குத் திரும்பாது, விரிசலும் விடும், கைவைக்காதீர்கள்.

பெயிண்ட் உடைந்திருந்தால் டிங்கரிங் (தகட்டை நேராக்குவது), பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு), பெயிண்டிங் மூன்றும் வேண்டும். பட்டி போடுவதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். துருவை நீக்கி, 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பட்டியின் எடையில் சுமார் 2% ஹார்டனர் (பட்டியை இறுகவைக்கும் பொருள்) கலந்து பூசுங்கள். ஹார்டனர் குறைந்தால் இறுகாது. கூடினால் அதன் நிறம் பெயிண்டுக்கு மேலே ஊறிவரும். தகட்டை முடிந்தவரை வெளியே இழுத்த பிறகே பட்டி, 3 மி.மீ.க்கு மேல் தடிமன் தேவைப்பட்டால் இழுத்தது போதவில்லை என்று அர்த்தம். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள்: ஈரத்தை உறிஞ்சி, பின்னால் பெயிண்டில் கொப்புளமாகக் கிளம்பும். உலர்வாக 180, 320 என்று ஏறுங்கள்.

பெயிண்டை மட்டும் கடைக்கு விடுவது நல்லது. மெட்டாலிக் நிறத்தைப் பக்கத்து பேனலோடு கலந்தடித்தால்தான் வித்தியாசம் தெரியாது. ஹார்டனர் கலக்கும் கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு) ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் உண்டு. சாதாரணத் தூசி மாஸ்க் அதைத் தடுக்காது.

பிளாஸ்டிக் பம்பர் தனிக்கதை. கொதிநீர் ஊற்றி, கையுறை போட்டு உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும். பிறகு குளிர்ந்த நீர். பின் பம்பர் மூலைக்குள் ரேடார் இருக்கும் வண்டியில் மட்டும் அந்த இடத்தில் பட்டி வேண்டாம், சிக்னல் தடைபடும்.