கினிப்பிக் குட்டிகளுக்குக் கோலி பாட்டில்: சொட்டியதையெல்லாம் குடித்ததாக நினைத்தேன்

கூண்டுக் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிடுவார்களே, நுனியில் எஃகுக் குழாயும் அதற்குள் நாக்கால் தள்ளினால் தண்ணீர் விடும் சின்னக் கோலியும் வைத்த தண்ணீர் பாட்டில், அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு வாங்கினேன். முதலாவது தண்டம், இரண்டாவது பரவாயில்லை. நடுவில் நான்கு நாள் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

போன ஏப்ரலில் சென்னையில், கினி எலி என்பார்களே, அந்தக் கினிப்பிக் குட்டிகள் இரண்டு வாங்கினோம், ஒரு மாதக் குட்டிகள். மகள் கடுகு, சீரகம் என்று பெயர் வைத்துவிட்டாள். சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன், கடுகு 240 கிராம், சீரகம் 215. கூண்டு வாங்கிய கடையிலேயே 500 மில்லி பாட்டிலையும் தலையில் கட்டினார்கள், முயலுக்கும் இதுதான் இதற்கும் இதுதான் என்று. 350 ரூபாய். கூடவே தண்ணீரில் கலக்க ஒரு வைட்டமின் சி சொட்டு மருந்து வேறு.

மாட்டினேன். மறுநாள் பார்த்தால் 150 மில்லி குறைந்திருக்கிறது. அடடா, நன்றாகக் குடிக்கின்றன என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் கணக்குப் போட்டிருந்தால் அப்போதே உறைத்திருக்கும். கினிப்பிக் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 மில்லி குடிக்கும், காய்கறி நிறையத் தின்றால் அதைவிடக் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்தே அரைக் கிலோ இல்லை, 45 மில்லிக்கு மேல் எங்கே போகும்? அத்தனையும் சொட்டிக் கீழே விரித்திருந்த மரத்தூளுக்குள் போயிருக்கிறது. தூள் மேலே காய்ந்த மாதிரியே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் புழுக்கைகள் சின்னதாக, கல் மாதிரி இருந்தன. காய்ந்த புல்லைத் தொடவில்லை. மறுநாள் காலையில் எடை பார்த்தேன், சீரகம் 198. கழுத்துப் பக்கத் தோலை லேசாகத் தூக்கி விட்டால் உடனே படியாமல் நின்றது, உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம். வெளியே கத்திரி வெயில் வேறு. இவற்றுக்கு வியர்க்காது, 30 டிகிரியைத் தாண்டினாலே ஆபத்து. சாப்பிடாமல் ஒரு நாள் கிடந்தாலே குடல் இயக்கம் நின்றுபோகலாம். அள்ளிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "கடையில எதுல தண்ணி குடிச்சுது?" தட்டில். அவ்வளவுதான் விஷயம். இந்தக் குட்டிகள் கண் திறந்து, பல்லோடு, முழு ரோமத்தோடு பிறக்கின்றன. ஓரிரு நாளிலேயே தாயைப் பார்த்துப் புல்லைக் கடிக்கத் தொடங்கிவிடும். தாய் பாட்டிலில் குடித்தால் அதைப் பார்த்து இவையும் குடிக்கும். பாட்டிலையே பார்த்திராத குட்டிக்கு அது வெறும் இரும்புக் கம்பி. அதிலும் எங்கள் பாட்டிலின் கோலி பெரியது, இறுக்கமாக இருந்தது. என் விரலாலேயே அழுத்தித்தான் தள்ள வேண்டியிருந்தது. வாஷர் மட்டும் சரியாக உட்காரவில்லை. குட்டிக்கு வராத தண்ணீர் தானாகச் சொட்டியது அதனால்தான்.

ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில், வாயின் ஓரமாக விட்டு, துளித்துளியாக எப்படிக் கொடுப்பது என்று அவரே செய்து காட்டினார். நேராகப் பீய்ச்சினால் நுரையீரலுக்குப் போய்விடுமாம். தயவுசெய்து வீடியோ பார்த்து நீங்களாக முயலாதீர்கள். சொட்டு மருந்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். வைட்டமின் சி தண்ணீரில் வெகுசீக்கிரம் வீரியம் இழக்கும், ருசி மாறினால் குடிக்கிற கொஞ்சத்தையும் குடிக்காது. கினிப்பிக் உடம்பு அந்த வைட்டமினைத் தானாகத் தயாரிக்காது என்பது உண்மைதான், அதற்குத் தினமும் ஒரு துண்டு குடைமிளகாய் கொடுத்தால் போதும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய அகலில் தண்ணீர் வைத்தேன். கனமான மண் என்பதால் கவிழாது, விளிம்பும் தாழ்வு. இரண்டும் குடித்த குடியைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டாள். ஆனால் அகல் மட்டும் போதுமா என்றால், ஒரு மணி நேரத்தில் அதற்குள் புல், புழுக்கை, எல்லாம். நாளைக்கு நாலு தடவை கழுவினேன்.

அதனால்தான் இரண்டாவது பாட்டில். வேறு கடையில் 125 மில்லி, 180 ரூபாய். இந்த முறை அங்கேயே தண்ணீர் நிரப்பித் தலைகீழாகப் பிடித்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. முதல் ஓரிரண்டு சொட்டு விழுந்து நிற்க வேண்டும், கோலி விரல் பட்டாலே உருள வேண்டும். குட்டி அண்ணாந்து பார்க்காதபடி மூக்கு மட்டத்தில் மாட்டினேன். வெள்ளரித் துண்டைக் குழாய் நுனியில் தேய்த்துவிட்டு, விரலால் கோலியைத் தட்டி ஒரு துளியைத் தொங்கவிட்டேன். முகத்தைப் பிடித்து அழுத்தவே இல்லை. கடுகு வெள்ளரிக்காக நக்க வந்தது, தண்ணீர் வந்ததும் திடுக்கிட்டு ஓடியது, திரும்ப வந்தது. இரண்டாம் நாள் ராத்திரி 'டக் டக் டக்' என்று சத்தம், பாட்டிலுக்குள் குமிழி ஏறுகிறது! சீரகம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது, மறுநாள் மாலை அதுவும் குடித்தது. இரண்டும் குடிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒரு வாரம் அகலை எடுக்கவில்லை.

புதிய பாட்டிலிலும் குறை உண்டு. மென்ற புல்லை வாயோடு குழாய்க்குள் தள்ளிவிடுகின்றன, அடைத்துக்கொள்கிறது. தினமும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் தண்ணீர் சுடுவதால் நான் மதியமும் மாற்றுகிறேன். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

அந்த 350 ரூபாய்ப் பாட்டிலையும் தூக்கிப் போடவில்லை. மாடியில் துளசித் தொட்டிக்கு மேல் கட்டி வைத்திருக்கிறேன், ஊருக்குப் போனால் இரண்டு நாளைக்குச் சொட்டிக்கொண்டே இருக்கிறது.